குழாயின் மறுமுனை

ஜனவரி 6

அன்புள்ள பென்சில்,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கழுத்து வேறு என்ன செய்யும்?

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நம் பேச்சில் பாதி 'கேக்குதா, கேக்குதா'விலேயே போய்விடுகிறது. மீதிப் பாதியில் உன் அண்ணி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தில் குறுக்கே யாரும் வர முடியாது. கவரில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்ப்பது மட்டும் அவள் வேலை. பசை என்றால் எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். சாலையை அகலப்படுத்துகிறார்கள். நம் மரவாடிக்குள் புகுந்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுவை மெஷின், ஆபீஸ் அறை, தேக்கு அடுக்கு, நான். இவ்வளவும் சாலைக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கழிப்பறை மட்டும். அது எனக்கு. ஜூன் முப்பதுக்குள் காலி செய்ய வேண்டும். தவறினால் மரம் தெருவில், என்னை நம்பி இருக்கும் ஒன்பது பேரும் தெருவில்.

தரகர்கள் ஈயாக மொய்க்கிறார்கள். காட்டுகிற நிலம் எல்லாம் 'ராசியான நிலம்'. ராசியை அடுக்கி வைத்து நான் விற்க முடியுமா? எந்த நிலம் எதற்கு ஆகும் என்று படம் போட்டுச் சொல்வதுதானே பதினான்கு வருஷமாக உன் பிழைப்பு. ஊருக்கெல்லாம் பார்க்கிறாய். அண்ணனுக்கும் ஒரு தடவை பார், தங்கச்சி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணா,

கழுத்து தேவலை. இங்கே எலும்புவரை குளிர். ஆபீசில் பெரிய தாளில் படம் அச்சடிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அது ஓடும்போது அதன்மேல் கை வைத்துக் குளிர்காய்கிறோம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா, அல்லது தைலம் வாங்கி அலமாரியில் அழகு பார்க்கிறீர்களா?

செய்து தருகிறேன். எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மேடு பள்ளம், ஒன்றில் மண்ணின் ரகம், ஒன்றில் வெள்ளம் வந்த இடங்கள், ஒன்றில் சாலைகள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த இடம் தேறும் என்று தெரியும். தேறுவது பச்சை, தேறாதது சிவப்பு, நடுவில் மஞ்சள். ஆனால் எது எவ்வளவு முக்கியம் என்பதை மரம் விற்கிறவர்தான் சொல்ல வேண்டும். நூறு மதிப்பெண் தருகிறேன். பிரித்து அனுப்புங்கள்.

ஒரு நிபந்தனை. தரகர் காட்டிய நிலங்களை மட்டும் பார்க்க மாட்டேன். கடையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் பார்ப்பேன். பிடித்த இடம், பிடிக்காத இடம் என்று எதையும் விலக்க மாட்டேன்.

அண்ணி கேட்டதை மறக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்
பென்சில்


பிப்ரவரி 9

அன்புள்ள பென்சில்,

தைலம் தடவுகிறேன். நாற்றம் தாங்காமல் வாடிக்கையாளர் பேரம் பேசாமலே போய்விடுகிறார்கள். ஆக அது மருந்தாகவும் இருக்கிறது, வியாபாரத்துக்கும் ஆகிறது. உனக்குக் குளிர் குறைந்ததா?

நிபந்தனைக்குச் சம்மதம். எனக்கு என்ன பயம்?

மதிப்பெண் இதோ. தண்ணீர் ஏறாத மேடாக இருக்க வேண்டும், அதற்கு முப்பத்தைந்து. பன்னிரண்டு சக்கர லாரி உள்ளே வந்து திரும்பி வெளியே போகிற வழிக்கு இருபத்தைந்து. கரையான் அண்டாத மண்ணுக்குப் பதினைந்து. தச்சர்கள் காலையில் வந்து மரம் எடுத்துப் போகிற தூரத்துக்குப் பதினைந்து. மெஷின் ஓட மின்சாரக் கம்பி பக்கத்தில் இருக்க வேண்டும், மீதிப் பத்து அதற்கு. கூட்டிப் பார், சரியாக நூறு. முப்பது வருஷ அனுபவத்தை ஐந்து வரியில் கொடுத்துவிட்டேன்.

உன் அண்ணி என்ன கேட்டாள்? விசாரித்தால் 'ஊசி' என்கிறாள். ஊசிக்காகக் கடல் தாண்ட வேண்டுமா? இங்கே மூலைக்கு மூலை விற்கிறார்களே.

வேளைக்குச் சாப்பிடு.
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறேன். ஊசி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நல்ல ஊசி எங்கும் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

முப்பது வருஷ அனுபவத்தில் ஒரு வரி குறைகிறது. சாலை இனி எங்கே அகலமாகும் என்பதற்கு எத்தனை மதிப்பெண்? இப்போது கடையை விழுங்குவது எதுவோ, அதற்கு நீங்கள் பூஜ்யம் கொடுத்திருக்கிறீர்கள். மற்றவற்றில் இரண்டு இரண்டாகக் கிள்ளி அதற்குப் பத்து போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படத்தைச் சுருட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேஜையில் விரித்து நாலு மூலையிலும் மரக்கட்டை வையுங்கள். கட்டைக்கு உங்களிடம் பஞ்சம் இருக்காது. நூற்றுக்கு மேற்பட்ட நிலங்களில் இரண்டுதான் முழுப் பச்சை. ஒன்பதாம் எண்ணும் பதினான்காம் எண்ணும். பதினான்குதான் முதலிடம். சாலையை விட்டு உள்ளே தள்ளி, கால்வாய் வளைகிற இடத்தில் இருக்கிறது. தரகர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிற இடம் ஆறாம் எண். அது மஞ்சள்.

அண்ணியின் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிவிட்டீர்களா?

அன்புடன்
பென்சில்


மார்ச் 15

பென்சிலுக்கு,

எல்லாரும் நலம். கண்ணாடி வாங்கியாகிவிட்டது. இப்போது நான் சவரம் செய்யாத நாள் எல்லாம் தெரிந்துபோகிறது.

கால்வாய் வளைவைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பதினான்காம் எண்ணாவது பதினைந்தாவது. அது செங்கல்காரர் சூளை!

உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். உன் அண்ணிக்கு அண்ணன், ஒரு காலத்தில் எனக்குக் கூட்டாளி. மரவாடிக்கு இப்போதுள்ள இடத்தை வாங்கினபோது, 'ரோட்டு மேலயே வேணாம் மாப்ளே, ஒரு நாள் ரோடு உள்ள வரும்' என்றார். நான் வேலையாட்கள் அத்தனை பேர் எதிரிலும், 'செங்கல் சுட்டுச் சுட்டு உங்க மூளையும் வெந்துபோச்சு' என்றேன். மறுநாள் அவர் வரவில்லை. சூளையோடு சரி என்று ஒதுங்கிவிட்டார். பதினொரு வருஷம் ஆகிறது. சாலைக்கு நான் ஏன் மதிப்பெண் போடவில்லை என்று இப்போது புரிகிறதா? போட்டால் அது அவருக்குப் போட்ட மதிப்பெண்.

உன் அண்ணி அவர் பேச்சை இந்த வீட்டில் எடுத்ததே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை 'தோழி வீட்டுக்கு' என்று போய்வருகிறாள். திரும்பும்போது செருப்பில் செங்கல் தூள் ஒட்டியிருக்கும். நான் கேட்பதில்லை.

ஆகவே இன்னொரு கண்ணாடித் தாள் சேர். நிலத்துக்காரர் குணம். அதற்கு நாற்பது மதிப்பெண். படத்தை மறுபடி போட்டு அனுப்பு.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தில் என் கழுத்தை விசாரிக்க மறந்துவிட்டீர்கள். அவ்வளவு கோபமா? கழுத்து நலம்.

நீங்கள் கேட்டபடியே போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். குணத்துக்கு நாற்பது கொடுத்ததில் ஆறாம் எண் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த நிலத்துக்காரரை நீங்கள் பார்த்ததே இல்லை, அதனால் அவர் உத்தமர். ஒன்பதாம் எண்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதனால் அவருக்குப் பாதிதான். வேறு எப்படி மதிப்பெண் மாற்றிப் பார்த்தாலும் பதினான்குதான் மேலே வருகிறது. நான்கு விதமாகப் பார்த்தேன். எனக்குப் பத்து வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தராசுத் தட்டில் கட்டைவிரல் வைப்பவன் கடையை மூட நாள் பார்க்கிறான் என்று சொன்னது நீங்கள்தான்.

குணத்தை அளக்கிற கருவி எங்கள் ஆபீசில் இல்லை. இருந்தால் முதலில் உங்கள் வீட்டை அளப்பேன். தாள் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

எந்த நிலமாக இருந்தாலும், என் படம் பாதி வேலைதான். நிலத்தில் இறங்கி மட்டம் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்களே, அந்த நீளக் குழாய் போதும். இரண்டு முனைக்கு இரண்டு பேர் வேண்டும்.

அன்புடன்
பென்சில்


மே 4

அன்புள்ள அண்ணா,

ஐந்து வாரம் ஆகிறது, பதில் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து 'நல்லா இருக்கார், ஒரே அலைச்சல்' என்கிறார். கோடு போட்ட கடையில் இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. கோபம் இருந்தால் கோபத்தையாவது எழுதுங்கள். முழங்கால் எப்படி?

பென்சில்


மே 12

அன்புள்ள பென்சில்,

முழங்கால் ஊர் சுற்றியதில் தேய்ந்திருக்கிறது. ஆனால் வேலை செய்கிறது. உன் கழுத்தை விசாரித்தேன் என்று இப்போதே எழுதிவைத்துவிடுகிறேன்.

கோபம் இல்லை. நிலம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆறாம் எண். நான் போனதற்கு முந்தின இரவு நல்ல மழை. தரகர் காரை விட்டு இறங்கவே இல்லை. உள்ளே இருந்தபடியே கை காட்டுகிறார். 'என்னய்யா, குளமா கெடக்கு?' என்றேன். 'தண்ணி இல்லீங்க, ஈரம்' என்றார். அந்த ஈரத்தில் என் இடது செருப்பு மிதந்து போய்விட்டது. என் கட்டைவிரல் தேர்ந்தெடுத்த நிலம் அது. செருப்போடு போயிற்று.

அடுத்து ஒன்பதாம் எண். நான் போவதற்கு நாலு நாள் முன்னால் அதை ஒரு பைப் கம்பெனி வாங்கிவிட்டது. நீ மார்ச்சிலேயே சொன்னாய், நான் ஏப்ரல் கடைசியில் போனேன். யாரைக் குறை சொல்ல?

மிச்சம் பதினான்கு. உன் படத்தின் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் போனேன், கண்டுபிடித்தும்விட்டேன். நீ மேடு என்று காட்டிய இடம் மேடே இல்லை. செங்கல்! அரை ஏக்கருக்கு இரண்டு ஆள் உயரம் அடுக்கி வைத்திருக்கிறார். வானத்தில் இருந்து பார்த்த உன் செயற்கைக்கோள் அடுக்கின் உச்சியைத் தரை என்று எழுதி, பக்கத்துக் குழியையும் அதோடு சேர்த்து மேடாக்கிவிட்டுப் போய்விட்டது. லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்க்க நான் கூட்டிப்போன லாரிக்காரன் உன் மேட்டை நம்பி மேற்குப் பக்கம் ஏற்றினான். பின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அவனும் கூட வந்த இரண்டு பேரும் சக்கரத்துக்குப் பலகை கொடுக்கப் போய்விட்டார்கள். குழாயின் மறுமுனையை ஒருத்தர் பிடித்தார். மட்டம் பார்த்தேன். கிழக்குப் பாதி சாலையைவிட ஒன்றேகால் அடி உயரம். மேற்குப் பாதி செங்கலுக்கு மண் வெட்டிய குழி.

ஆக உன் படம் பாதி தப்பு. உன் அண்ணியிடம் சொன்னேன். ஏனோ சிரிக்கிறாள்.

அண்ணன்


மே 25

அன்புள்ள அண்ணா,

செருப்புக்கு அனுதாபங்கள். வலது செருப்பைப் பத்திரமாக வையுங்கள், ஆறாம் எண்காரருக்குப் பரிசாகக் கொடுக்கலாம்.

நீங்கள் சொன்னது சரி. அந்த உயரக் கணக்கு மேலே எது இருக்கிறதோ அதைத்தான் தரையாக எடுத்துக்கொள்ளும். மரம் என்றால் மரத்தின் தலை, வீடு என்றால் மொட்டைமாடி. அதற்காகத்தான் நிலத்தில் இறங்கிப் பார்க்கச் சொல்வது. நீங்கள் அளந்த கணக்கை வைத்துப் படத்தைத் திருத்துகிறேன். குழி எத்தனை அடி ஆழம், தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது, இரண்டையும் எழுதுங்கள்.

இன்னொன்று. நீங்கள் லாரிக்காரரை லாரிக்காரர் என்றும் தரகரைத் தரகர் என்றும் எழுதுகிறவர். செருப்பு இடதா வலதா என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். மறுமுனையைப் பிடித்தவர் மட்டும் ஏன் 'ஒருத்தர்'?

அன்புடன்
பென்சில்


ஜூன் 4

அன்புள்ள பென்சில்,

நலம். நீ ஒரு பிசாசு.

சரி, சொல்கிறேன். ஆட்கள் சக்கரத்துக்குப் போன பிறகு குழாயின் ஒரு முனையைச் செங்கல் அடுக்கில் கயிற்றால் கட்டிவிட்டு, நான் மறு முனையோடு நடந்தேன். நாலு அடி போவதற்குள் கட்டு நழுவித் தண்ணீர் எல்லாம் தரையில். மறுபடி ஊற்றிக் கட்டினேன். மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை குனிந்து எடுக்கும்போது, கொட்டகையில் இருந்து அவர் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. முனையை எடுத்து, ஊன்றியிருந்த கோலோடு சேர்த்துப் பிடித்தார். நானும் பேசவில்லை. அறுபது அடி தள்ளிப் போய் நின்றேன்.

ஆனால் அந்தக் குழாய் இருக்கிறதே, அது வாயை மூடிக்கொண்டு பார்க்கிற வேலை இல்லை. தண்ணீர் நின்றுவிட்டதா, ஆடுகிறதா என்று ஒருவருக்கொருவர் சொன்னால்தான் கோலில் குறி போட முடியும்.

"நிக்குதா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"அறுபது அடிக்கு அப்பால தலையாட்டினா எனக்கென்ன தெரியும்? நிக்குதான்னு கேக்கறேன். வாயத் தொறந்தா மட்டம் கோணிக்காது மாப்ளே."

"நிக்குது" என்றேன்.

"எனக்கு ஏறுது. உன் பக்கம் குமிழி இருக்கு, தட்டு."

தட்டினேன். குமிழி போனது. "இப்ப?"

"நிக்குது. குறி போடு."

இப்படியே நிலம் முழுக்க ஒன்றரை மணி நேரம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பதினொரு வருஷத்துப் பேச்சை அறுபது அடி தள்ளி நின்று பேசினோம். அத்தனையும் 'நிக்குது, ஏறுது, எறங்குது.'

கடைசிக் குறி போட்டதும் குழாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ரோட்ட விட ஒன்னேகால் அடி. போதுமா?" என்றார்.

நான் சொல்ல வேண்டியதை அப்போது சொல்லிவிட்டேன். "நீங்க அன்னிக்கு சொன்னது சரி மச்சான். ரோடு உள்ள வந்துடுச்சு. நான் சொன்னதுதான் தப்பு."

அவர் ஒரு செங்கலை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "எது? மூளை வெந்துபோச்சுன்னு சொன்னியே, அதுவா? வெந்தா நல்லதுதான்யா. வெந்த கல்லுதான் தண்ணியில கரையாது."

பிறகு, "இனி ரோடு எங்க வரும்னு தெரிஞ்சா சொல்றேன்" என்றார். "நீங்க சொன்னா நான் எங்க கேக்கறேன்?" என்றேன். "தெரியும். அதான் இந்தத் தடவை எழுதிக் குடுத்துடறேன்" என்றார். சேற்றில் நின்ற லாரிக்காரன் சிரித்த சிரிப்பில் சக்கரமே வெளியே வந்திருக்க வேண்டும்.

மண் தீர்ந்துவிட்டதாம். இதுதான் கடைசிச் சூளை. கல் விற்றதும் நிலம் சும்மாதான் கிடக்கும் என்றார். ஆனால் பாதி குழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இப்போது என் கவலை. கிழக்குப் பாதி மட்டும் நமக்குப் போதாது. குழி ஏழு அடி ஆழம், ஒன்பது மாதம் தண்ணீர் நிற்கிறது. இன்னும் இருபத்தாறு நாள். சீக்கிரம் சொல்.

ஒரு சந்தேகம். பதினான்கு வருஷம் இதே வேலை செய்கிறவளுக்குச் செங்கல் அடுக்குக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாதா? சும்மா கேட்கிறேன்.

அண்ணன்


ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள். இங்கே நல்ல வெயில். ஆபீஸ் ஜன்னலை முதல் தடவையாகத் திறந்தோம். திருத்திய படத்தை அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

மேற்குப் பாதிக்கு நான் முதலில் சிவப்புத்தான் போட்டேன். பிறகு கேள்வியை மாற்றினேன். மரம் அடுக்க ஆகுமா என்று கேட்டால் ஆகாது. மரம் ஊறப்போட ஆகுமா? அறுக்காத முழுமரத்தைத் தண்ணீரில் போட்டுவைத்தால் வெடிக்காது, பூச்சி துளைக்காது என்று அதற்காகவே தூரத்துக் குளம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களே! ஏழு அடி ஆழம், ஒன்பது மாதத் தண்ணீர், களிமண் தரை. அந்தக் கேள்விக்கு இந்தச் சுற்று வட்டாரத்திலேயே பச்சையான இடம் அந்தக் குழிதான். நிலத்தில் பாதி சரியில்லை என்று நினைத்தோம். நாம் கேட்டதில்தான் பாதி சரியில்லை.

பழைய செங்கல் கொஞ்சம் மிச்சம் இருந்தால் கரையில் படிக்கட்டு கட்டச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கு ஆகும்.

அண்ணிக்கும், இந்த முறை 'ஒருத்தருக்கும்', என் அன்பு.

பென்சில்


ஜூலை 3

அன்புள்ள பென்சில்,

உன் கழுத்து, தலை, எல்லாம் நலமா? இங்கே எல்லாரும் நலம், முழங்கால் உட்பட.

இருபத்தெட்டாம் தேதி கடைசி லாரி போனது. ஒன்பது பேரும் புது இடத்தில். செங்கல் எல்லாம் விற்றுக் காலியான கிழக்குப் பாதியில் அறுவை மெஷின், கொட்டகை அதற்குப் பின்னால். இருபத்தாறு முழுமரம் குழியில் மிதக்கிறது, எருமைகள் படுத்திருப்பது மாதிரி. மச்சான் காலையில் வந்துவிடுகிறார். பழையபடி கூட்டு. எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறார், நானும் பேசுகிறேன். வாடிக்கையாளர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் விலை கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள். படிக்கட்டு ஆறு படி. ஐந்தாவது படி கோணல். அவர் கட்டினது என்பதால் நான் சொல்லவில்லை.

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் மிஞ்சிய கழிப்பறையை என்ன செய்வது என்று ஒரு படம் போட்டு அனுப்பு.

நேற்று மச்சான் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு வருகிறவர், எந்த அலமாரியில் எந்தத் தட்டு இருக்கிறது என்று அண்ணியைக் கேட்காமலே எடுத்தார். நான் அதையும் கேட்கவில்லை. போன கடிதத்தில் நான் கேட்ட சந்தேகத்துக்கு நீயும் பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். எனக்கு வியாபாரம் தெரியும். எல்லாச் சரக்கையும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை.

இந்தத் தாளின் அடியில் நாலு விரல் இடம் சும்மா விட்டிருக்கிறேன். எழுத விஷயம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். கவர் ஒட்டுவது எப்போதும்போல அண்ணிதான். நான் நம் புதுக் குளத்தைப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்
அண்ணன்

பென்சிலுக்கு அண்ணி எழுதுவது. இடம் கொஞ்சமாக விட்டிருக்கிறார், அதனால் பொடி எழுத்தில் எழுதுகிறேன். ஜனவரியில் உன் அண்ணன் கவரோடு நான் ஒரு துண்டுத் தாள் வைத்தேனே, 'எங்க அண்ணன் சூளையையும் பார், இவரை அந்த வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டால் போதும்' என்று. 'படத்தில் கை வைக்க மாட்டேன், நிலம் தேறினால்தான் தேறியது என்பேன்' என்று பதில் போட்டாய். வைக்கவும் இல்லை. அங்கே செங்கல் மலையாகக் கிடக்கிறது என்று நான் எழுதியதை மட்டும் இவரிடம் சொல்லாமல் விட்டாய். சொல்லியிருந்தால் இவர் குழாயைத் தூக்கிக்கொண்டு போயிருக்கவே மாட்டார். ஊசி வந்து சேர்ந்தது. நன்றாகத் தைக்கிறது.